மீட்புச் சாவி கையில் இல்லாமல் புதுப்பிப்பு அனுப்பாதீர்கள்: கணினிப் பாதுகாப்புப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தகவல் தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கும் கணினிப் பாதுகாப்புக் குழுவினருக்கும் வணக்கம்.

கடந்த மாத இறுதியில் நம் அலுவலக மடிக்கணினிகளுக்கு இரவோடு இரவாக அனுப்பப்பட்ட பயாஸ் (கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்பையும், மறுநாள் காலை கணக்குப் பிரிவில் பாதிப் பேர், வட்டிலுள்ளதைச் சாவியின்றிப் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புத் திரை முன் செய்வதறியாது உட்கார்ந்திருந்ததையும் நீங்கள் அறிவீர்கள். ஹெல்ப்டெஸ்க்கில் குவிந்த புகார் டிக்கெட்டுகளே அதற்குச் சாட்சி என்பதால் நடந்ததை முழுவதும் இங்கே விவரிக்கப் போவதில்லை. ஆனால் அதன் பிறகு நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையில், மீட்புச் சாவியை ஊழியர்கள் தவறாக உள்ளிட்டதால்தான் தாமதம் ஏற்பட்டது என்றும், கோப்புகளைத் தத்தம் கணினியிலேயே வைத்திருந்தது விதிமீறல் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த இரண்டு வாக்கியங்களுக்கு யாரேனும் மறுமொழி சொல்லியாக வேண்டும். சுற்றறிக்கை எல்லாக் கிளைகளுக்கும் சென்றது. ஆகவே இம்மடலையும் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அன்று காலை என் பக்கத்து மேசையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். எங்கள் பிரிவின் மூத்த ஊழியர் ஒருவர், மாத இறுதிக் கணக்கை முடிப்பதற்காகக் கணினியை இயக்கியபோது, திரை அவரிடம் 48 இலக்க எண்ணைக் கேட்டது. ஹெல்ப்டெஸ்க்கை அழைத்தார். சாவியை நீங்களே எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி ஓர் இணைய முகவரியைத் தந்தார்கள். அந்தப் பக்கமோ அலுவலகம் வழங்கிய கணினியிலிருந்து மட்டுமே திறக்கும். அந்தக் கணினிதான் பூட்டிக் கிடந்தது. மறுபடி அழைத்து, நெடுநேரம் வரிசையில் காத்திருந்த பிறகு, மறுமுனையில் ஒருவர் எண்களை வாசிக்க, இவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றாக உள்ளிட்டார். திரை திறக்கவில்லை. தவறாக எழுதியிருப்பீர்கள், மீண்டும் பாருங்கள் என்றார்கள். மீண்டும் வாசித்தார்கள், மீண்டும் உள்ளிட்டார், மீண்டும் அதே திரை.

சுற்றறிக்கை எழுதியவர் ஒன்றைக் கவனித்திருக்க வேண்டும். பிட்லாக்கரின் 48 இலக்கங்களும் ஆறாறாக எட்டுத் தொகுதிகளாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொரு தொகுதியும் 11 ஆல் மீதமின்றி வகுபடும்படி அமைந்தது. ஓர் இலக்கம் பிசகினால் அந்தத் தொகுதியைத் தாண்டவே விடாமல் கணினி அங்கேயே தடுத்துவிடும். எங்கள் ஊழியர் உள்ளிட்ட எட்டுத் தொகுதிகளையும் திரை ஏற்றுக்கொண்டது. அதாவது, அவர் எழுதியதில் பிழை இல்லை. அவருக்கு வாசிக்கப்பட்ட சாவியே வேறு. எந்தச் சாவி வேண்டும் என்று காட்டும், திரையில் தெரிந்த சாவி அடையாள எண்ணை ஹெல்ப்டெஸ்க் கேட்டிருந்தால் முதல் நிமிடத்திலேயே இது தெரிந்திருக்கும். அந்தக் கணினியை உங்கள் பொறியாளர்கள் முன்பொரு முறை முழுவதும் அழித்து விண்டோஸை மறுபடி நிறுவினார்கள். அப்போது உருவான புதிய சாவி உங்கள் பதிவேட்டுக்கு வந்து சேரவேயில்லை. பழைய வட்டின் சாவியை வைத்துக்கொண்டு, புதிய பூட்டைத் திறக்கத் தெரியவில்லை என்று ஊழியரைக் குறை சொல்லியிருக்கிறீர்கள்.

மாலையில் முடிவு சொன்னார்கள்: சாவி இல்லை, வட்டை அழிப்பதைத் தவிர வழியில்லை. அதில் ஒரு பைட்டுகூடக் கெடவில்லை. வரவு செலவு ஒப்பீட்டுத் தாள்களும், வங்கிக் கணக்கோடு சரிபார்த்த குறிப்புகளும், எந்தத் தொகை ஏன் நிலுவையில் நிற்கிறது என்று அவர் வாரக்கணக்கில் எழுதி வந்த விளக்கங்களும் அந்த வட்டுக்குள் அப்படியேதான் இருந்தன. திருடனிடமிருந்து காக்க வேண்டிய குறியாக்கம், தன் கடமையைக் குறைவின்றிச் செய்து, உரியவரிடமிருந்தே அவற்றை மறைத்துவிட்டது. அழிப்பதற்குச் சம்மதம் தெரிவிக்கும் படிவத்தில் அவரைக் கையெழுத்திடச் சொன்னபோது நான் அருகில்தான் இருந்தேன். அவர் ஒன்றும் பேசாமல் கையெழுத்திட்டார். அதன்பின் அந்த மாதக் கணக்கை முதலிலிருந்து தொடங்கினார்.

கோப்புகளைப் பொதுச் சர்வரில் வைத்திருக்க வேண்டும் என்ற விதி எங்களுக்குத் தெரியும். எங்கள் பிரிவுக்கு ஒதுக்கப்பட்ட இடம் நிரம்பிவிட்டது என்று விண்ணப்பித்து, அந்த டிக்கெட் இன்னும் திறந்தே கிடக்கிறது என்பதையும் சுற்றறிக்கையில் சேர்த்திருந்தால் நியாயமாக இருந்திருக்கும்.

இவ்வளவுக்கும் இது யாரும் எதிர்பாராத விபத்து அல்ல. கணினி தொடங்கும்போது பயாஸ், துவக்க நிரல், செக்யூர் பூட் (நம்பகமான நிரல்களை மட்டும் துவங்கவிடும் வசதி) அமைப்புகள் ஆகியவற்றின் அளவீடுகளை டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு பதிந்துகொள்கிறது. குறியாக்கம் செய்தபோது இருந்த அளவீடுகளோடு அவை ஒத்திருந்தால் மட்டுமே திறவுகோலை விடுவிக்கிறது. பயாஸைப் புதுப்பித்தால் அளவீடு மாறக்கூடும். மாறினால், யாரோ கணினியைத் திறந்து கைவைத்துவிட்டார்கள் என்று கருதிச் சில்லு திறவுகோலைத் தர மறுக்கும், பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்கும். அதனால்தான் பயாஸ் புதுப்பிப்புக்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, முடிந்ததும் மீண்டும் இயக்க வேண்டும் என்பது இத்துறையில் நுழைபவருக்கும் சொல்லித்தரப்படும் பாலபாடம். பிட்லாக்கர் விண்டோஸ் விஸ்டாவோடு 2007 இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. இந்தப் பாடத்துக்கும் ஏறத்தாழ அதே வயது.

சில நேரங்களில் தவறு புதுப்பிப்பைத் தயாரிப்பவரிடமே இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2024 ஜூலையில் வந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பிறகு சில கணினிகள் மீட்புத் திரையில் நின்றன. அதற்கான திருத்தம் ஆகஸ்டில்தான் வந்தது. 2025 மே மாதப் புதுப்பிப்பும் சிலவகை இன்டெல் கணினிகளில், குறிப்பிட்ட ஒரு பயாஸ் அமைப்பு இயக்கத்தில் இருந்தபோது, விண்டோஸ் 10 பயனர்களை அதே திரைக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான கோப்பு ஒன்று ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியபோது, அந்தக் கோப்பை நீக்கக் கணினியைப் பாதுகாப்பு முறையில் (சேஃப் மோட்) திறக்க வேண்டியிருந்தது. குறியாக்கம் செய்த கணினிகளில் அதற்கும் மீட்புச் சாவி தேவைப்பட்டது. அந்த நாளில் உலகம் முழுவதும் கணினிப் பொறியாளர்கள் முதலில் தேடியது அந்த 48 இலக்கங்களைத்தான். பிழை எங்கிருந்து வந்தாலும் மீள்வதற்கான வழி சாவியில் முடிகிறது. அந்தச் சாவியைப் பத்திரப்படுத்துவது எந்த மென்பொருள் நிறுவனத்தின் வேலையும் அல்ல. உங்கள் பிரிவின் வேலை.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஒரு கணினியின் நடப்பு மீட்புச் சாவி உங்கள் பதிவேட்டில் இருக்கிறது என்பதைச் சரிபார்க்காமல், அந்தக் கணினிக்கு எந்தப் புதுப்பிப்பையும் அனுப்பாதீர்கள். இதற்குப் புதிய மென்பொருளோ புதிய நிதி ஒதுக்கீடோ வேண்டியதில்லை. சாவி, நிறுவனத்தின் பயனர்களையும் கணினிகளையும் பதிந்துவைக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்புகளான ஆக்டிவ் டைரக்டரியிலோ என்ட்ரா ஐடியிலோ பதிவான பிறகே குறியாக்கம் தொடங்க வேண்டும் என்று கட்டாயமாக்கும் கொள்கை அமைப்பு விண்டோஸிலேயே இருக்கிறது. ஏற்கெனவே குறியாக்கம் செய்த கணினிகளில், வட்டில் உள்ள சாவி அடையாள எண்ணையும் பதிவேட்டில் உள்ளதையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சிறு ஸ்கிரிப்ட் போதும். ஒத்துப்போகாத கணினிகளைப் பட்டியலிட்டு, அவற்றின் சாவிகளைப் பதிவேற்றிய பிறகு புதுப்பியுங்கள். ஒருவருக்குச் சாவியை வாசித்துக் காட்டிய பின் அதை மாற்றிப் புதிய சாவியைப் பதிவதையும் வழக்கமாக்குங்கள். தாளில் எழுதப்பட்ட சாவி குப்பைக் கூடையில் கிடக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இது முன்னதைவிட எனக்கு அதிகக் கவலை தருகிறது. அந்தக் குழப்பத்துக்குப் பிறகு உங்கள் பொறியாளர் ஒருவர் என் கணினியைச் சோதிக்க வந்து, கறுப்புத் திரையில் நிலையறியும் கட்டளையை இட்டார். குறியாக்கம் 100 சதவீதம் என்று ஒரு வரியும், பாதுகாப்பு நிறுத்தப்பட்டிருக்கிறது என்று அதன் கீழே இன்னொரு வரியும் தெரிந்தன. மீட்புத் திரை மறுபடி வந்து தொல்லை தரக் கூடாது என்பதற்காக, மறுதொடக்க எண்ணிக்கையைச் சுழியம் என்று கொடுத்துப் பிட்லாக்கரைப் பல கணினிகளில் நிறுத்திவைத்திருப்பதாக அவரே சொன்னார். ஒன்று என்று கொடுத்திருந்தால் அடுத்த ரீஸ்டார்ட்டுக்குப் பின் பாதுகாப்பு தானாகத் திரும்பியிருக்கும். சுழியம் என்றால் யாரேனும் மீண்டும் இயக்கும்வரை திரும்பாது. வட்டைத் திறக்கும் திறவுகோல் அந்த வட்டிலேயே மறைப்பின்றி எழுதப்பட்டிருக்கும். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டுப் போவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. எங்கள் மடிக்கணினிகளில் வாடிக்கையாளர்களின் வங்கி விவரங்கள் இருக்கின்றன. பயணத்தில் ஒன்று தொலைந்தால், அது குறியாக்கம் செய்யப்பட்ட கணினிதான் என்று அவர்களிடம் நாம் உறுதிமொழி கொடுப்போம். அந்த உறுதிமொழி பொய்யாகும். அறிக்கையில் முதல் வரியை மட்டும் காட்டி இரண்டாவது வரியை விட்டுவிடுவது பாதுகாப்பு ஆகாது.

புதுப்பிப்புகளே வேண்டாம் என்று நாங்கள் சொல்வதாக யாரும் பொருள் கொள்ள வேண்டாம். 2017 மே மாதம் வானாகிரை என்ற, பணயத்தொகை கேட்கும் தீநிரல் பரவி மருத்துவமனைகள் வரை முடக்கியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. நிறுவத் தவறியவர்களே பெரும்பாலும் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் பிரிவில் யாரும் புதுப்பிப்பைத் தள்ளிப்போடும் பொத்தானை விரும்பி அழுத்துவதில்லை. ஆனால் வாடிக்கையாளர் எதிரில் அமர்ந்திருக்கும்போது 15 நிமிடத்தில் கணினி ரீஸ்டார்ட் ஆகும் என்ற அறிவிப்பும், நிறுவனம் முழுவதற்கும் ஒரே இரவில் ஒரே புதுப்பிப்பும், எதையும் முன்கூட்டித் தெரிவிக்காத வழக்கமும் சேரும்போது, புதுப்பிப்பு என்ற சொல்லைக் கேட்டாலே ஊழியர்கள் அஞ்சத் தொடங்குகிறார்கள். அஞ்சுபவர் இரவில் கணினியை அணைத்துவிட்டுப் போவார், வலையிலிருந்து துண்டித்துவைப்பார், அவசியமான திருத்தமும் அவருக்குப் போய்ச் சேராது. ஊழியர்களைப் பாதுகாப்புக்கு எதிரிகளாக்குவது இத்தகைய நடைமுறைதான். முதலில் உங்கள் பிரிவின் கணினிகளில், பிறகு ஒவ்வொரு பிரிவிலும் ஓரிரண்டில், அதன் பின் எல்லாவற்றிலும் என்று படிப்படியாக அனுப்பும் வசதி நீங்கள் பயன்படுத்தும் கருவியிலேயே உள்ளது. மாத இறுதி நாள்களில் கணக்குப் பிரிவைத் தொடாமல் விட அதில் ஒரு தேதி வரம்பைக் குறித்தால் போதும். கேட்கிறோம், ஆண்டுதோறும் கேட்கிறோம். பரிசீலனையில் உள்ளது என்ற பதில் மட்டும் தவறாமல் வருகிறது.

கோபத்தில் சொற்கள் சற்றுக் கடுமையாகியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். உங்கள் குழுவில் ஆள் குறைவு என்பதும், அன்று இரவு வெகுநேரம் வரை உங்கள் பொறியாளர்கள் ஒவ்வொரு மேசையாக வந்து உழைத்தார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆள் போதவில்லை என்றால் நிர்வாகத்திடம் கேளுங்கள். எங்கள் பிரிவும் சேர்ந்து எழுதித் தரும். ஆனால் குறையை ஊழியர்களின் மேல் ஏற்றி அனுப்பிய அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். தம் கணக்கை இழந்தவரிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

செக்யூர் பூட்டின் அடிப்படையாக 2011 இல் வழங்கப்பட்ட சான்றிதழ்கள் 2026 ஜூன் தொடங்கிக் காலாவதியாகும்படி அமைந்தவை. அவற்றுக்குப் பதிலாக 2023 இன் சான்றிதழ்களை ஏற்றுவதும், அதற்கேற்பப் பல கணினிகளில் பயாஸைப் புதுப்பிப்பதும் தவிர்க்க முடியாத வேலை என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சென்ற மாதம் எங்களைத் தடுத்து நிறுத்திய அதே அளவீடுகளைத்தான் அந்த வேலையும் தொடுகிறது. சாவிகள் சரிபார்க்கப்படாமல் அது தொடங்கினால், பாதிப்பு ஒரு பிரிவோடு நிற்காது.

மாதாந்திரப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வழக்கம்போல் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியாகும். அதற்கு முன், எத்தனை கணினிகளின் நடப்புச் சாவி பதிவேட்டில் இருக்கிறது, எத்தனைக்கு இல்லை, எத்தனையில் பிட்லாக்கர் இன்னும் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்ற மூன்று எண்களை எல்லாப் பிரிவுகளுக்கும் தெரிவிக்கும்படியும், சாவி சரிபார்க்கப்படாத கணினிகளை அந்தச் சுற்றிலிருந்து விலக்கிவைக்கும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கணக்குப் பிரிவு ஊழியர்