குட்டியின் இரண்டாம் மாத ஊசி

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீங்கள் இருவரும் மாற்றி மாற்றிப் பேசியதில் எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். குட்டியின் தடுப்பூசிகளை ஒரு வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் மாப்பிள்ளை. நீ இரண்டு மனதாக இருக்கிறாய். பிள்ளை மேல் உள்ள பாசத்தில் கேட்பதுதானே, எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் தள்ளிப்போட வேண்டாம் பாப்பா.

இத்தனை சின்ன உடம்புக்கு இத்தனை ஊசியா, கொஞ்சம் வளரட்டுமே என்கிறீர்கள். இந்த ஊசி தடுக்கிற கக்குவான் இருமல் பெரிய பிள்ளைகளைப் படுத்தி எடுக்கும், உயிரை எடுப்பது பெரும்பாலும் கைக்குழந்தைகளிடம்தான். அந்த வயதில் சில பிள்ளைகளுக்கு இருமல்கூட வராது, மூச்சு நின்று நின்று உடம்பு நீலமாகிவிடும். நீ மாசமாக இருந்தபோது போட்டுக்கொண்ட ஊசி குட்டியை இப்போது காக்கிறது, ஆனால் சில மாதங்களில் அது தேய்ந்துவிடும். அதற்குள் இவள் உடம்பு சொந்தமாகத் தயாராக வேண்டும். அதற்காகத்தான் அங்கே அமெரிக்காவில் 2, 4, 6 மாதம் என்றும் இங்கே இந்தியாவில் 6, 10, 14 வாரம் என்றும் வைத்திருக்கிறார்கள். வளரட்டும் என்று நீங்கள் காத்திருக்கும் மாதங்கள்தான் ஆபத்தான மாதங்கள்.

இன்னொன்று. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ரோட்டா சொட்டு மருந்தை அங்கே 15 வாரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். தாண்டிவிட்டால் அப்புறம் தொடங்கவே மாட்டார்கள்.

நான் அங்கன்வாடியில் இருந்தபோது 2017 பிப்ரவரியில் தட்டம்மை ருபெல்லா ஊசி வந்தது உனக்கு நினைவிருக்கும். 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாருக்கும் போட்டார்கள். வாட்ஸ்அப்பில் என்னென்னவோ பரவி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாமல் நிறுத்திக்கொண்டவர்கள் நம் தெருவிலேயே இருந்தார்கள். நர்சம்மாவும் நானும் வீடு வீடாகத் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். திட்டினால் யாரும் கேட்க மாட்டார்கள். பயத்தை முழுசாகச் சொல்ல விட்டால் பாதிப் பேர் மனம் இறங்கிவிடுவார்கள். நம் பக்கத்தில் மணல்வாரி என்கிற இந்தத் தட்டம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகி, தாளிக்காமல் சமைத்து, புன்னைநல்லூருக்கு வேண்டிக்கொள்வது வழக்கம். நானும் மாரியம்மனைக் கும்பிடுகிறவள்தான். அந்த அம்மைக்குப் பிறகு நிமோனியா வந்தும் கண் பார்வை போயும் பிள்ளைகள் பட்ட பாட்டை உன் பாட்டி சொல்லக் கேட்டும் இருக்கிறேன்.

தட்டம்மை ஊசியால் ஆட்டிசம் வருமா என்று மாப்பிள்ளை கேட்டாரே, அந்தப் பேச்சு 1998-ல் 12 பிள்ளைகளை வைத்து லண்டனில் வெளியான ஒரு கட்டுரையில் கிளம்பியது. 2010-ல் அந்தப் பத்திரிகையே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் பிள்ளைகளைப் பார்த்து 2019-ல் வந்த ஆய்வில் அப்படி ஒரு தொடர்பே இல்லை. அதை அவருக்குத் தேடிக்கொடு, அவர் படித்துப் பார்க்கிறவர்.

அமெரிக்காவில் இந்த நோயெல்லாம் ஏது என்றும் சொன்னார். 2025-ல் நீங்கள் இருக்கும் அதே டெக்சாஸில்தான் தட்டம்மை 700 பேருக்கு மேல் பிடித்தது. ஊசி போடாத இரண்டு பள்ளிப் பிள்ளைகள் இறந்தார்கள். குட்டிக்கு அந்த ஊசி ஒரு வயதில்தான் வரும். அதுவரை சுற்றி இருக்கிறவர்கள் போட்டிருந்தால்தான் அவளுக்குக் காவல்.

ஊசியால் ஒன்றுமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. தொடை வீங்கும், அழுவாள், காய்ச்சல் வரலாம். எப்போதாவது அபூர்வமாக ஒவ்வாமை வரும், அதனால்தான் போட்டதும் கொஞ்ச நேரம் உட்கார வைப்பார்கள். உடனே எழுந்து கிளம்பிவிடாதே. லேசான சளிக்காகத் தேதியை மாற்றாதே. நல்ல காய்ச்சல் இருந்தால் டாக்டர் சொல்கிறபடி செய். உன் சந்தேகங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ. அவர் நேரில் கேட்கட்டும்.

அன்று இரவு பால் குடிக்க மறுத்தாலோ, காய்ச்சல் 100.4-ஐத் தொட்டாலோ முதலில் டாக்டருக்குப் போன் செய், நீயாக மருந்து கொடுக்காதே. அப்புறம் எனக்குக் கூப்பிடு. இங்கே எத்தனை மணி என்று பார்க்க வேண்டாம்.

அம்மா