தம்பி, முதலில் பாத்ரூம் கதவை அளந்து பார்

அன்புள்ள தம்பிக்கு,

ஏலகிரியில் சுற்றுலா வருபவர்களுக்காக நீ கட்டுகிற காட்டேஜ்களின் வேலை மும்முரமாக நடக்கிறது என்று சித்தி சொன்னார். நீ அனுப்பிய போட்டோக்களையும் பார்த்தேன். "வாசல்ல ரேம்ப் போட்டாச்சு அக்கா, இனி நீ தாராளமா வரலாம்" என்றாய், சந்தோஷம்தான். ஆனால் வீல்சேரில் ரேம்ப் ஏறி உள்ளே வந்தபிறகு நான் என்ன செய்வேன் என்பதை உன் இன்ஜினியர் யோசித்த மாதிரி தெரியவில்லை. பூச்சு வேலை முடிந்துவிட்டால் எதையும் மாற்ற மனசு வராது, அதனால் இப்போதே எழுதுகிறேன்.

அந்த ரேம்ப்பையே எடுத்துக்கொள். மூன்று படி உயரத்தை நாலடி நீளத்தில் ஏற்றியிருக்கிறார்கள். ஸ்கூட்டர் ஏறும், நான் ஏற முடியாது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் கணக்கு, மூன்று படி ஒன்றரை அடி என்றால் 18 அடி வேண்டும். மேலே கதவுக்கு முன்னால் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளமும் விடு, இல்லையென்றால் நான் ஒரு கையால் பூட்டைத் திறப்பதற்குள் வண்டி பின்னால் உருண்டுவிடும். மலைச்சரிவில் இவ்வளவு நீளத்துக்கு எங்கே போவது என்று கேட்பாய். எல்லா காட்டேஜிலும் வேண்டாம் தம்பி, கார் நிற்கிற இடத்துக்குச் சமமாக இருக்கிற ஒன்றிரண்டில் செய்தால் போதும், அங்கே ரேம்ப்பே தேவைப்படாது.

உண்மையான சிக்கல் பாத்ரூமில்தான். நம் ஊரில் அறைக்கு மூன்றடி நிலை வைக்கிற மேஸ்திரி பாத்ரூமுக்கு மட்டும் இரண்டரை அடி வைப்பார். அதில் மரச்சட்டமும் கதவின் கனமும் போக மிஞ்சுகிற இடத்தில் என் வீல்சேர் நுழையாது. பல ரிசார்ட்டில் பார்த்துவிட்டேன், கட்டில் அருமை, ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு, ஆனால் பாத்ரூம் வாசலோடு வண்டி நின்றுவிடும். கதவைத் திறந்தபிறகு மிஞ்சும் இடைவெளி 900 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ மூன்றடி இருக்கட்டும். உள்பக்கம் திறக்கிற கதவு வேண்டவே வேண்டாம், வெளியே திறக்கட்டும் அல்லது தள்ளுகதவு வை. தண்ணீர் வெளியே வராமலிருக்க வாசலில் கட்டுகிற திட்டும் வேண்டாம், தரைக்கு வாட்டம் சரியாகக் கொடுத்தால் போதும். கம்மோடுக்கு ஒரு பக்கமாவது வண்டியை நிறுத்த இடம் விடு. அதன் பக்கத்துச் சுவரில் என் முழு எடையையும் தாங்குகிற கைப்பிடி வேண்டும். டவல் மாட்டுகிற கம்பியைக் காட்டி "இதைப் பிடிச்சுக்கலாமே மேடம்" என்பார்கள், அது கையோடு வந்துவிடும்! வாஷ்பேசினுக்குக் கீழே அலமாரி அடிக்காதே, என் முழங்கால் அங்கேதான் போக வேண்டும். கட்டில் உயரமும் வண்டி இருக்கைக்குச் சமமாக, ஒன்றரை அடிக்குச் சற்று மேலே இருந்தால் நானே மாறிக்கொள்வேன். இப்போதெல்லாம் ஓர் அடி கன மெத்தையைப் போட்டு ஏணி வைத்து ஏறுகிற மாதிரி ஆக்கிவிடுகிறார்கள்.

அப்புறம், போனில் விசாரித்தால் எல்லா இடத்திலும் வருகிற பதில்: "நம்ம பசங்க இருக்காங்க மேடம், தூக்கி விட்டுடுவாங்க." நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் சாப்பாட்டுக்கூடம் இருபது படி மேலே இருந்தால், காலை இட்லிக்கும் மாலை டீக்கும் முன்பின் தெரியாத நாலு பேர் என்னைச் சுமக்க வேண்டும், ஒருவருக்குக் கால் வழுக்கினாலும் போச்சு. பணம் கொடுத்து ஓய்வெடுக்க வந்தவளுக்கு இது எதற்கு? ரூமுக்கே சாப்பாடு அனுப்புகிறோம் என்பதும் பதில் இல்லை, குடும்பம் முழுக்க அங்கே சாப்பிடும்போது நான் மட்டும் தனியாகவா?

சட்டமும் நம் பக்கம்தான் இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எங்களால் உள்ளே வந்து பயன்படுத்த முடிய வேண்டும் என்று தனியார் சேவைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறது. அளவுகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்குச் சொன்னது. சுற்றுலா அமைச்சகத்தின் நட்சத்திர ஹோட்டல் விதிமுறைகளில், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற ஓர் அறையாவது இருக்க வேண்டும், அதன் கதவில் வெளியே பார்க்கிற துளைகூடத் தாழ்வாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் பார். மெரினா மணலில் வீல்சேர் போக 2022 நவம்பரில் நிரந்தரப் பாதை போட்டார்கள், அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதை உடைத்தது, திரும்பவும் சரிசெய்தார்கள். கடற்கரையிலேயே முடிகிறது, சிமென்ட் தரையில் முடியாதா?

விளம்பரத்தில் "வீல்சேர் வசதி உண்டு" என்று மட்டும் போடாதே, அதை நம்பி யாரும் அட்வான்ஸ் கட்டமாட்டார்கள். கதவு எத்தனை அங்குலம், வழியில் எத்தனை படி என்று எழுது, பாத்ரூம் போட்டோவையும் போடு. குறை இருந்தால் அதையும் எழுது, வருவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்வோம்.

மேஸ்திரி நிலை வைப்பதற்கு முன்னால் பாத்ரூம் பிளானை அளவுகளோடு வாட்ஸ்அப்பில் அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா