வடசென்னைக்குப் பறவை மருத்துவர் தேவை

ஆசிரியருக்கு,

ஆப்பிரிக்க சாம்பல் கிளி, மக்காவ் போன்ற பெரிய கிளிகளை வளர்ப்பவர்கள் எங்கள் எண்ணூர் பக்கத்திலும் இருக்கிறார்கள். நாய், பூனை என்றால் பார்க்கும் டாக்டர்கள் கிளி என்றதும் கைவிரிக்கிறார்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம்தான். ஆனால் கன்டெய்னர் லாரி நெரிசலைத் தாண்டுவதற்குள் பறவை துவண்டுவிடுகிறது. கிளி தன் நோயைக் கடைசிவரை மறைக்கும். இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்துவிட்டால் நிலைமை ஏற்கெனவே முற்றிவிட்டது என்று அர்த்தம். 40 ஆண்டுக்கு மேலும் வாழக்கூடிய உயிர் அது! நான்ஸ்டிக் சட்டி அளவுக்கு மீறிக் காய்ந்தால் வரும் புகையே அதைக் கொன்றுவிடும். கிளி விற்பவர்கள் இதையெல்லாம் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். திருவொற்றியூர் பக்கம் வாரம் ஒரு நாளாவது பறவை மருத்துவர் ஒருவரைக் கால்நடைத் துறை அமர்த்தட்டும். அங்கே ஆக்சிஜன் வசதியும் கட்டாயம் இருக்க வேண்டும்.

- ஒரு வாசகர், எண்ணூர்