குழந்தையின் பேச்சை நடுவில் வெட்டச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரக் கல்வி இணைப்பில், பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம் சொல்லித் தருவது பற்றிய கட்டுரையில் ஒரு வரி: "குழந்தை தவறாகப் பேசினால் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்துங்கள், சரியாகச் சொல்லும் வரை விடாதீர்கள்." எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். ஆனால் அன்று சாயங்காலமே அது என் வீட்டில் நடந்துவிட்டது.

பேத்தி இரண்டாம் வகுப்பு. பள்ளி வேனை விட்டு இறங்கியதும், பையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். "அம்மா, டுடே டாக் கம்..." என்று ஆரம்பித்தாள். என் மகள் உங்கள் பத்திரிகையைப் படித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். "கம் இல்லை, கேம்." "டாக் கேம். வேன் ஸ்டாப்..." "ஸ்டாப் இல்லை, ஸ்டாப்ட். அப்புறம், வெறும் டாக் இல்லை, எ டாக்." மூன்றாவது தடவை குழந்தை வாயை மூடிக்கொண்டது. "ஒண்ணுமில்லம்மா" என்று தமிழில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த நாய்க்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டாலும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள் இருந்த ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 34 வருடம் வேலை பார்த்தவள் நான். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்வது தாங்கள் அறியாததல்ல. அந்த இருவரில் ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் வேலைக்கோ போய்விட்டால் மிச்சம் ஒருவர். அப்படிப்பட்ட பள்ளியிலும் பிள்ளைகளை ஆங்கிலம் பேச வைத்திருக்கிறேன். நிறுத்தித் திருத்தி அல்ல.

திங்கட்கிழமை காலையில் என்ன சாப்பிட்டாய் என்று ஆங்கிலத்தில் கேட்பேன். ஒரு பையன் "ஐ ஈட் இட்லி" என்பான். "ஓ, யூ ஏட் இட்லி! எத்தனை?" "ஃபோர் இட்லி." "யூ ஏட் ஃபோர் இட்லிஸ்!" என்று நான் ஆச்சரியப்படுவேன். அவ்வளவுதான். தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து அவனே "ஐ ஏட் தோசை" என்று வந்து நிற்பான். தமிழையும் நாம் இப்படித்தானே சொல்லித் தருகிறோம்? மூன்று வயதில் குழந்தை "அக்கா வந்தான்" என்றால், பால் விகுதி பிழை என்றா சொல்கிறோம்? "ஆமா, அக்கா வந்துட்டாளா!" என்கிறோம்.

இதற்காக இலக்கணமே வேண்டாம் என்று சொல்வதாக நினைக்க வேண்டாம். இலக்கணம் கட்டாயம் வேண்டும், அதைப் பிள்ளை தொட்டுப் பார்க்கும்படி தர வேண்டும். பழைய காலண்டர் அட்டையில் 'எஸ்' என்று எழுதி ஒரு பையன் கையில் கொடுப்பேன். 'ஐ', 'தே' அட்டைக்காரர்கள் வந்தால் அவன் ஒதுங்கி நிற்க வேண்டும். 'ஹீ', 'ஷீ' வந்தால் ஓடிப்போய் 'பிளே' பக்கத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். நம் 'விளையாடுகிறான்', 'விளையாடுகிறாள்' மாதிரிதான் என்றால் உடனே பிடித்துக்கொள்வார்கள். கேள்வி கேட்கும்போது 'டூ' அட்டை முன்னால் வந்துவிடும். எஸ் பையன் பிளேயை விட்டுவிட்டு 'டூ'விடம் ஓடுவான்: "டஸ் ஹீ பிளே?" எழுத்தில் நடுவே ஒரு 'ஈ' சேருவதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். 'டிட் நாட் கேம்' என்று பட்டதாரிகளே பேசுகிறார்கள். 'வந்தான்' என்போம், ஆனால் 'வந்தவில்லை' என்று யாராவது சொல்வோமா, 'வரவில்லை' என்றுதானே சொல்கிறோம் என்று ஒரே ஒரு முறை கேட்டால் போதும், என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். 'ஓர் ஆடு, ஒரு மாடு' தெரிந்த குழந்தைக்கு 'ஆன் ஆப்பிள், எ மேங்கோ' பெரிய விஷயமே இல்லை. தமிழைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஆங்கிலத்துக்கே போக முடியும்.

என் பேத்தி படிக்கும் பள்ளியில் தமிழில் பேசினால் 10 ரூபாய் அபராதம். பள்ளியின் பெயர் வேண்டாம். அவள் நோட்டைப் பார்த்தேன். தாத்தா நேற்று மார்க்கெட் போனார், எனக்குக் கொய்யா வாங்கினார் என்று அவளாகவே இரண்டு வரி எழுதியிருக்கிறாள். 'கோ'வுக்கும் 'பை'க்கும் பின்னால் 'ஈடி' சேர்த்திருக்கிறாள். இரண்டு வரியையும் குறுக்கே சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள். அதைப் பார்த்து எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அது அறியாமை இல்லை, ஐயா. இறந்தகாலத்துக்கு 'ஈடி' என்ற விதியை அவள் பிடித்துவிட்டாள், விதிவிலக்கு மட்டும்தான் பாக்கி. 1958-இல் அமெரிக்காவில் ஜீன் பெர்க்கோ என்ற ஆய்வாளர், பறவை மாதிரி ஒன்றைப் படம் வரைந்து அதற்கு 'வக்' என்று இல்லாத ஒரு பெயரை வைத்துச் சின்னப் பிள்ளைகளிடம் காட்டினார். இரண்டு இருந்தால் என்ன என்று கேட்டதற்கு 'வக்ஸ்' என்றார்கள். யாரும் சொல்லித் தராத வார்த்தை அது. விதி பிள்ளைக்குள்ளேயே முளைக்கிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் வராது என்று இரண்டு வருடத்துக்கு முன் உங்கள் தலையங்கத்தில் எழுதினீர்கள். நான்கு பக்கம் பதில் அனுப்பினேன். போடவில்லை, கிடைத்தது என்று ஒரு வரிகூட வரவில்லை. 2007-இல் செயல்வழிக் கற்றல் என்று, பிள்ளை தானே எடுத்துப் படிக்கும் பாட அட்டையும், அடுத்து எந்த அட்டை என்று காட்டும் ஏணிப் படமும் வந்தன. 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் வந்து, பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். அட்டையை அடுக்குவதும் பதிவேடு எழுதுவதும் போக, பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசக் கிடைத்த நேரம் எவ்வளவு என்று எந்தப் பத்திரிகையும் எங்களிடம் வந்து கேட்டதில்லை. குறை சொல்ல மட்டும் எல்லோருக்கும் பக்கம் கிடைக்கிறது.

நான் கேட்பது சின்ன விஷயம்தான். உங்கள் சிறுவர் பக்கத்தில் வாரா வாரம் வரும் 'கோடிட்ட இடத்தை நிரப்புக' பயிற்சியை எடுத்துவிட்டு, ஒரு படம் போடுங்கள். சந்தை, பேருந்து நிலையம், மழையில் நிற்கும் மாடு, எதுவானாலும் சரி. கீழே நான்கு வெறும் கோடு. பிள்ளை வாயால் சொல்லட்டும், சொன்னதையே எழுதட்டும். பெற்றோருக்கு ஒரு குறிப்பு: இந்த வாரம் முற்றுப்புள்ளியை மட்டும் பாருங்கள், அடுத்த வாரம் 'எஸ்' மட்டும். கோடு போட இடம் போதாது என்றால் படத்தை மட்டுமாவது போடுங்கள். நான்கு கோடு நோட்டு எங்கள் வீட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இடைநிலை ஆசிரியை,
சங்கரன்கோவில்.