தென்னைக்கு யார் கருமாதி செய்வது?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் மனநல நாளையொட்டி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில் நடைப்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, நேரத்துக்குத் தூக்கம் எல்லாம் இருந்தது. தூக்கம் எதனால் போனது என்ற கேள்விதான் இல்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எங்கள் பேராவூரணி வட்டாரத்தில் சாய்ந்த தென்னைகளில் 140 என் சித்தப்பாவுடையவை. எங்கள் பக்கம் அதைத் தென்னம்பிள்ளை என்றுதான் சொல்வோம், சும்மா சொல்வதில்லை. மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500, ஆக 1,100 ரூபாய் என்று அரசு கணக்குப் போட்டுக் கொடுத்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன், அதுவும் இல்லையென்றால் விழுந்த மரத்தை அப்புறப்படுத்தவே வழியிருந்திருக்காது. ஆனால் கொஞ்ச நாள் காற்றைத் திட்டிக்கொண்டிருந்த சித்தப்பா அப்புறம் தன்னையே திட்ட ஆரம்பித்தார். "நான் ஒழுங்கா மண் அணைச்சிருந்தா நின்னிருக்கும்டா, நான் எதுக்கும் லாயக்கில்லாதவன்." அன்றைக்கு அடித்த காற்றுக்கு மண் அணைத்தது எந்த மூலைக்கு? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது பத்து நிமிடம் பேசி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். தூங்கினார், அது உண்மை. தோப்பைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இழந்தது ஓர் ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, நாடாகவோ லட்சியமாகவோ இருந்தாலும் மனிதன் துக்கப்படுவான் என்று 1917இலேயே, பேசவைத்து மனநோயை ஆராயும் உளப்பகுப்பாய்வு முறையைத் தொடங்கிய மருத்துவர் பிராய்ட் எழுதியிருக்கிறார். துக்கத்தில் உலகம் வெறுமையாகிறது. அது முடியாமல் உள்ளே திரும்பிவிட்டால் மனிதன் தன்னையே வெறுமையாக உணர்ந்து தன்னையே ஏசிக்கொள்கிறான் என்கிறார். படித்ததும் சித்தப்பா முகம்தான் வந்தது. (பிராய்டின் கனவு விளக்கங்களில் பாதி எனக்கு ஏறுவதில்லை, அது வேறு விஷயம்.) மரம், விலங்கு, நிலம் இவற்றோடு நமக்குள்ள உறவை உளப்பகுப்பாய்வு கண்டுகொள்ளாமல் விட்டது என்று ஹெரால்டு சேர்ல்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1960இல் புத்தகமே எழுதினார். ஆஸ்திரேலியாவில் நிலக்கரிச் சுரங்கங்கள் ஊரைச் சுற்றித் தோண்டப்பட்டபோது, வீட்டில் இருந்துகொண்டே ஊரை இழந்தவர்கள் பட்ட வேதனைக்கு கிளென் ஆல்பிரெக்ட் என்ற அந்நாட்டுத் தத்துவ அறிஞர் 'சோலாஸ்டால்ஜியா' என்று பெயர் வைத்தார். நமக்குப் பெயர்கூட வேண்டாம். மனிதர் செத்தால் ஒப்பாரி உண்டு, பதினாறாம் நாள் கருமாதி உண்டு, அழுது தீர்க்க ஒரு வழி இருக்கிறது. 140 தென்னை ஒரே ராத்திரியில் செத்தால் ரம்பக்காரர்தான் வருகிறார்.

அரசின் மனநல உதவி எண்ணான 14416க்குப் போன் செய்தால் இப்போது தமிழிலேயே பேசலாம், நல்ல ஏற்பாடு. அங்கே பேசுகிறவர்களுக்கும் மாவட்ட மருத்துவமனைகளில் உட்காருகிறவர்களுக்கும் "பசிக்கிறதா, தூக்கம் வருகிறதா" என்பதோடு "என்ன மரம், யார் வைத்தது" என்றும் கேட்கச் சொல்லிக் கொடுங்கள். ஆலோசனை கொடுத்தாயிற்று என்று நிவாரணப் பணத்தைக் குறைத்துவிடவும் கூடாது, புயலை மனசுக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிற வேலை அது.

போன வாரம் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று டிவியில் சொன்னதுமே சித்தப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு தோப்புக்குக் கிளம்பிவிட்டார். வைத்த கன்றுகள் இன்னும் ஆள் உயரம்தான். நானும் கூடப் போனேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
பேராவூரணி வட்டம்