லேபல் இல்லாத களிம்பு

ஆசிரியருக்கு,

நாட்பட்ட தோல்நோய்களுக்கான சுதேச வைத்தியம் பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால், தோல் செதில் செதிலாக உரியும் சொரியாசிஸை அடியோடு மாற்றும் மருந்து எந்த வைத்திய முறையிலும் இல்லை, கட்டுப்படுத்தத்தான் முடியும் என்பதையும் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வரி இல்லாததால்தான் எங்கள் சனம் ‘ஒரே கிழமையில் சுகம்’ என்று விற்பவர்களிடம் போய் ஏமாறுகிறது.

என் அக்காவுக்கு 11 வருடமாக முழங்கையில் செதில். பதிவுபெற்ற சித்த வைத்தியர் கொடுத்த வெட்பாலை எண்ணெயும் பத்தியமும் மெதுவாகத்தான் கேட்டன. வாவிக்கரையில் பிறந்தவள் நண்டையும் இறாலையும் மாதக்கணக்கில் தொடவில்லை. அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று லேபல் இல்லாத வெள்ளைக் களிம்பு ஒன்றை வாங்கிப் பூசினாள். ஐந்தே நாளில் தோல் பளபளத்தது. நிறுத்தியதும் முதுகு வரை பரவிவிட்டது. நோயை வேகமாக அடக்கி, திடீரென நிறுத்தினால் கூடிவிடச் செய்யும் ஸ்டீரொயிட் மருந்து கலந்த களிம்பாக இருக்கலாம் என்றார் தோல் வைத்தியர்.

இலங்கையில் சுதேச வைத்தியர்களைப் பதிவுசெய்ய 1961 ஆம் ஆண்டிலேயே ஆயுர்வேதச் சட்டம் வந்துவிட்டது. சரி, மருந்துப் போத்தலுக்கும் அந்த ஒழுங்கு வேண்டாமா? மட்டக்களப்பு, அம்பாறைக் கடைகளில் லேபல் இல்லாத களிம்புகளை அதிகாரிகள் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். சுதேச வைத்தியர் கொடுக்கும் மருந்தையும் நோயாளியின் கிளினிக் கொப்பியிலேயே தமிழில் எழுதிக் கொடுக்கலாம்.

வாசகி,
ஆரையம்பதி