கேபர்கோலினுக்கு முன் மற்ற மாத்திரைகளைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் அதிகமானால் கேபர்கோலின் நல்ல மருந்து என்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். உண்மைதான். மருந்தாளுநராக வேலை பார்ப்பவள் என்ற முறையில் அதோடு சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

மாதவிடாய் நின்று, மார்பில் பால் கசிந்து, பயந்துபோன ஓர் இளம்பெண் கேபர்கோலின் சீட்டோடு வந்தார். வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். வயிற்று உப்புசத்துக்காக வெகுநாளாகப் போட்டுவரும், டோம்பெரிடோன் கலந்த மாத்திரையைக் காட்டினார். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டினை அளவுக்கு மீறிச் சுரக்காமல் அடக்கி வைப்பது டோபமின் என்ற மூளை ரசாயனம். டோம்பெரிடோன் அதன் வேலையைத் தடுக்கிறது. கேபர்கோலினோ டோபமினைப் போலவே வேலை செய்கிறது. இரண்டையும் ஒருவரே விழுங்கினால் என்ன பயன்? மருத்துவரிடம் திரும்ப அனுப்பினேன். அவர் வயிற்று மாத்திரையை நிறுத்தச் சொன்னார். அடுத்த பரிசோதனையில் புரோலாக்டின் அளவு இறங்கியிருந்தது. கேபர்கோலின் தேவைப்படவே இல்லை.

வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடும், மனநோய்க்கான ரிஸ்பெரிடோனும் இதே மாதிரி புரோலாக்டினை ஏற்றக்கூடியவை. ஆனால் மனநல மருந்தை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது, அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். தைராய்டு குறைவையும் கர்ப்பத்தையும்கூட முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

சரி, பிட்யூட்டரியில் கட்டி என்றே தெரிந்தால்? 'தலைக்குள் கட்டி' என்றதும் குடும்பமே இடிந்துபோகிறது. புரோலாக்டினைச் சுரக்கும் இந்தக் கட்டி, அதாவது புரோலாக்டினோமா, அநேகமாகப் புற்றுநோய் அல்ல. பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையிலேயே சுருங்கிவிடும், அறுவை சிகிச்சை வரை போவது குறைவு. இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். ஆண்களுக்கும் இது வரும் என்பதையும் எழுதுங்கள். ஆசை குறைவதையும் குழந்தையின்மையையும் வெளியே சொல்லக் கூச்சப்பட்டே பலர் தாமதமாக வருகிறார்கள்.

மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேபர்கோலின் பொதுவாக வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறைதான். இதே வேலையைச் செய்யும் புரோமோகிரிப்டின் தினமும். 'வாரம் இரண்டு' என்று எழுதியதைத் தினம் இரண்டு என்று புரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். 'திங்கள், வியாழன்' என்று கிழமையையே எழுதிவிடுங்கள். ராத்திரி சாப்பிட்டுவிட்டு கேபர்கோலினைப் போட்டுக்கொண்டு படுத்தால் குமட்டலும் தலைச்சுற்றலும் அவ்வளவாகத் தெரியாது.

அப்புறம், சிலருக்கு இந்த மருந்துகளால் சூதாட்ட வெறி, கட்டுக்கடங்காத செலவு, மிதமிஞ்சிய காம இச்சை வருவதுண்டு. அது மருந்தின் விளைவு என்று தெரியாமல் வீட்டில் சண்டைதான் நடக்கும். மாத்திரை தொடங்கும் நாளிலேயே கூட இருப்பவர்களிடமும் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்